பழைய பி.எம்.டபிள்யூ. 320டி: ஒரு வருஷம், பதினாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

முதலில் காசைப் பேசிவிடலாம், மற்றது அப்புறம். கார் 16,10,000 ரூபாய். வாங்கிய நாளிலிருந்து இன்று வரை, டீசலைச் சேர்க்காமல், அதன் மேல் போட்டது இரண்டே கால் லட்சம். இந்த இரண்டாவது தொகையைப் படித்ததும் வயிற்றைக் கலக்கினால் இங்கேயே நிறுத்திக்கொண்டு இதே பணத்துக்கு ஒரு புது ஹூண்டாய் வெர்னா புக் செய்துவிடுங்கள், நல்ல வண்டிதான், மூன்று வருஷத்துக்கு பானட்டைத் திறந்து பார்க்கவே வேண்டியிருக்காது. கலக்கவில்லை என்றால் மேலே படிக்கலாம்.

என்னுடையது 2016 மாடல் பி.எம்.டபிள்யூ. 320டி, லக்சுரி லைன், டீசல், ஆட்டோமேட்டிக். எஃப்30 என்று சொல்லும் தலைமுறை. இந்தியாவில் 2012-ல் வந்தது, 2019-ல் ஜி20 என்ற அடுத்த தலைமுறை வரும்வரை விற்றது. இந்த ஏழு வருஷத்துக்குள் எந்த வருஷத்து வண்டியை எடுக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. 2016 தொடக்கத்தில் ஒரு ஃபேஸ்லிஃப்ட் வந்தது. வெளியே பார்த்தால் லைட், பம்பர் என்று சில்லறை மாற்றம்தான், ஆனால் உள்ளே என்ஜினே வேறு. அதற்கு முன் இருந்தது என்47 என்ற என்ஜின், 184 குதிரைத்திறன். அதில் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் தேய்ந்து அறுந்துபோகும் கதை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. செயின் என்ஜினுக்கு முன்பக்கம் இருந்தால் ஒரு நாள் வேலை. இதில் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது, அதைத் தொடவே கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்க வேண்டும். 2016-க்குப் பிறகு வந்த பி47 என்ஜினிலும் செயின் அதே பின்பக்கம்தான். ஆனால் பழையதைப் பற்றிக் கேட்ட அளவுக்கு இதைப் பற்றி நான் புகார் கேட்கவில்லை. 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க். அதனால் 2013, 2014 மாடல் எல்லாம் பத்து லட்சத்துக்குக் கிடைக்கிறதே என்று யாராவது காட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

இந்தக் கார் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது என்று என் மாமனார் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார், நானும் திருத்தவில்லை. உண்மையில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-லிருந்து ஓடும் ஆலையில் பூட்டியது. என்ஜினைக் கோத்துக் கொடுப்பதும் அங்கேயே ஃபோர்ஸ் மோட்டார்ஸ். செங்கல்பட்டுக்காரன் என்று சொன்னால் தப்பில்லை.

சி-கிளாஸ், ஏ4, எக்ஸ்.இ. எல்லாம் பார்க்காமல் இல்லை. பென்ஸ் சி-கிளாஸில் பின் சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வராது, உள்ளே மரம், அலுமினியம் என்று அலங்காரமும் தூக்கல், நீங்கள் டிரைவர் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருகிற ஆள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். ஆடி ஏ4 ரொம்ப அமைதியான வண்டி, அந்த அமைதியிலேயே எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. ஜாகுவார் எக்ஸ்.இ. பார்க்க மூன்றையும் தூக்கிச் சாப்பிடும், ஆனால் பின் சீட்டில் என் பையன் முழங்கால் முன் சீட்டில் முட்டியது, அவனுக்குப் பன்னிரண்டு வயசு. நான் ஓட்டுகிறவன். பின் சக்கரம் தள்ளுகிற வண்டி, முன்னும் பின்னும் பாதிக்குப் பாதி எடை, இசட்.எஃப். எட்டு கியர் ஆட்டோமேட்டிக் என்றால் எனக்கு 320டி-தான்.

சரி, தேடிய கதை. நாலு மாசம் தேடினேன். மூன்று வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் வண்டி புதுச்சேரி பதிவு, பி.ஒய்.01. வெள்ளைக் கலர், பளிங்கு மாதிரி இருந்தது, மார்க்கெட்டை விட ஒண்ணரை லட்சம் கம்மி. ஏன் கம்மி என்று கேட்டால் "பார்ட்டி ஃபாரின் போறாங்க சார்" என்றார்கள். யாரும் ஃபாரின் போகவில்லை. புதுச்சேரியில் ரோடு டாக்ஸ் கம்மி என்று அங்கே ஒரு விலாசம் காட்டிப் பதிவு செய்து இங்கே ஓட்டிக்கொண்டிருந்த வண்டி. வெளிமாநில வண்டியைப் பன்னிரண்டு மாசத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்யவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது, செய்யும்போது தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்டவேண்டும். புது வண்டிக்கு 20 லட்சத்துக்கு மேல் விலை என்றால் 2023 நவம்பரிலிருந்து இங்கே வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயசைப் பார்த்துக் குறைப்பார்கள் என்றாலும், மிச்சம் பிடித்ததாக நினைத்த ஒண்ணரை லட்சம் ஆர்.டி.ஓ. கவுண்டரிலேயே கரைந்துவிடும், என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றுக்கு அலைவது தனி. பி.ஒய்., எச்.ஆர்., டி.எல். என்று நம்பர் பிளேட் தொடங்கினால் வரிக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் விலை பேசவேண்டும்.

இரண்டாவது வண்டி டெல்லிப் பதிவு. பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்த பிறகு அங்கே பழைய டீசல் காருக்கு மதிப்புச் சரிந்தது, அந்த வண்டிகள் தெற்கே இறங்கிக்கொண்டே இருக்கின்றன. எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. வரி, மறுபதிவு எல்லாவற்றையும் சேர்த்தாலும் லாபமாக முடியும் வண்டிகள் உண்டு. இது அப்படிப்பட்ட வண்டி இல்லை. மீட்டரில் 61,000 கி.மீ. காட்டியது. ஸ்டீயரிங் புதுத் தோல் போட்டு மினுமினுவென்று இருந்தது, அது ஒரு சந்தேகம். பிரேக் பெடலின் ரப்பர் ஒரு ஓரத்தில் வழவழவென்று தேய்ந்திருந்தது, அது இன்னொன்று.

இந்த இடத்தில் என் மெக்கானிக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து கோயமுத்தூர் சிங்காநல்லூர் பக்கம் சொந்தமாக ஷெட் போட்டிருப்பவர். இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தால் லேப்டாப்போடு கூட வருவார். இந்தக் காரில் ஒரு சின்னக் கோளாறு வந்தாலும் அது கம்ப்யூட்டரில் பதிவாகும், எந்தக் கிலோமீட்டரில் வந்தது என்பதோடு சேர்ந்து. மீட்டரைப் பின்னால் சுற்றுகிறவர்கள் முன்னால் தெரிகிற எண்ணை மாற்றிவிடுவார்கள், உள்ளே வேறு வேறு மூலைகளில் எழுதிவைத்திருப்பதை எல்லாம் துடைக்க மறந்துவிடுவார்கள். அவர் ஒயரைச் சொருகினார், ஐந்து நிமிஷம் எதுவும் பேசவில்லை, அப்புறம் திரையை என் பக்கம் திருப்பினார்.

"மீட்டர்ல 61,000-ங்க. இந்தக் கோளாறு பதிவானது 1,07,000-த்துல. வண்டி எதிர்காலத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்குதுங்க."

விற்பனைப் பையன் அசரவில்லை. "மீட்டர் கிளஸ்டர் மாத்துனது சார், அதான் அப்படிக் காட்டுது" என்றான். மாற்றிய பில் இருக்கிறதா என்றால் இல்லை. இரண்டாவது சாவி எங்கே என்றால் அதுவும் இல்லை. சாவி விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தக் கார்களின் சாவியிலும் கிலோமீட்டர் பதிவாகிறது, சர்வீஸ் சென்டரில் அதைப் படிக்கும் கருவி உண்டு. ஒரு சாவியோடு வருகிற பழைய லக்சுரி காரைக் கொஞ்சம் முறைத்துப் பாருங்கள். அந்தக் கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, டேஷ்போர்டில் ரோஜாப்பூ வைத்து வரவேற்ற கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாவதுதான் நான் வாங்கியது. கடை வழியாக வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவரின் வண்டி, எலெக்ட்ரிக் கார் வாங்கிவிட்டதால் இது போர்டிகோவில் தார்ப்பாய்க்குள் நின்றுகொண்டிருந்தது. ஓனர் பத்து நிமிஷம் பேசிவிட்டு, "எல்லாம் டிரைவருக்குத்தாங்க தெரியும், நான் பின்னால உக்காந்து போன் பேசுனதோட செரி" என்று உள்ளே போய்விட்டார். இதுவரை நான் பார்த்த எந்த ஓனரும் இவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை.

டிரைவர் அண்ணன் ஷெட்டுக்குள் போய் ஒரு ஃபைலும் நாலைந்து டைரியும் எடுத்துவந்தார். வருஷா வருஷம் பஞ்சு மில்காரர்கள் கொடுக்கும் அந்தத் தடித்த டைரிதான். ஒவ்வொரு முறை டீசல் போட்டபோதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், பங்க் இருக்கும் ஊர். "12.3.19, 31,240, 44 லி., பெருந்துறை." நடுநடுவே வேறு குறிப்புகளும் உண்டு: "முன் கண்ணாடி கல் பட்டது, இன்சூரன்ஸ் சொல்லியாச்சு." "ஏசி வாசம். ஃபில்டர் மாத்தணும்." ஊரடங்கு மாசங்களில் ஒரே வரி, "ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்", வாரம் ஒன்று என்று வரிசையாக. சர்வீஸ் பில்களையும் டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், எல்லாம் ஒத்துப்போனது. மீட்டரில் 84,310. அந்தக் கணமே மனசுக்குள் வண்டி என்னுடையதாகிவிட்டது, முகத்தில்தான் காட்டிக்கொள்ளவில்லை. டிரைவர் வைத்து ஓட்டிய வண்டி என்றால் ஓனரை விட்டுவிட்டு டிரைவரோடு ஒரு டீ குடியுங்கள், அரை மணி நேரத்தில் வண்டியின் ஜாதகமே கைக்கு வந்துவிடும்.

மறுநாள் காலை ஆறரைக்கே வருவதாகச் சொன்னோம், ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் முதல் சத்தம் கேட்பதற்காக. செயினோ இன்ஜெக்டரோ சரியில்லை என்றால் அந்த முதல் சில நொடிகளில் தெரிந்துவிடும் என்பார் மெக்கானிக், சூடான என்ஜின் எல்லாரிடமும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளுமாம். இதற்கு முன் ஒரு இடத்தில் நாங்கள் போகும் முன்பே வண்டியைச் சுடவைத்திருந்தார்கள், பானட்டில் கை வைத்ததுமே தெரிந்தது, அப்படியே திரும்பி வந்துவிட்டோம். இங்கே பானட் பனியில் ஈரமாக இருந்தது. டீசல் என்ஜினுக்கே உள்ள டகடக உண்டு, அதற்கு மேல் ஒரு சலசலப்பும் இல்லை.

அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார் மூழ்கியது என்று நினைவிருக்கும். அந்த வண்டிகளைக் கழுவித் துடைத்து சீட் மாற்றிவிட்டாலும் பெல்ட் சுருளின் கடைசி அடியில் சேற்றுக் கோடு நிற்கும். டிக்கியில் பேட்டரி இருக்கும் குழியைத் திறந்து பார்த்தார், சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் கம்பியில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்தார், பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியை ஒவ்வொரு பேனலிலும் வைத்தார். இடது பின் கதவு மட்டும் பெயின்ட் அடித்தது. டைரியிலும் அது இருந்தது: "பின் கதவு கேட்டில் உரசல், ஓனர் அம்மா."

குறையும் இருந்தது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்பக்கம் மரக்கதவு இடிப்பது போல ஒரு தடக், சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போய்விட்டது. எட்டு வருஷம் நம் ஊர் ரோட்டில் ஓடிய வண்டிக்கு அது இயல்புதான். டயரின் ஓரத்தில் நாலு இலக்கத்தில் 2318 என்று அச்சிட்டிருந்தது. 2018-ம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். டயர் பட்டன் எல்லாம் தேயாமல் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் ஆறு வயசான ரப்பர், விரல் நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. கியர் ஆயில் மாற்றியதாக ஃபைலில் எங்குமே இல்லை. ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனி சொல்லும், அந்த கியர்பாக்ஸைச் செய்கிற இசட்.எஃப். கம்பெனியே 80,000-லிருந்து 1,20,000 கி.மீ.-க்குள் மாற்றச் சொல்கிறது. பெற்றவர்கள் பேச்சைத்தான் நான் கேட்பேன். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு 17.25 என்று தொடங்கியதை 16.10-க்குக் கொண்டுவந்தோம். கடைசிப் பத்தாயிரத்துக்கு ஓனரின் அப்பா வெளியே வந்து பேசினார், அவரிடம் என் பேச்சு எடுபடவில்லை.

இன்னொன்று. 2018-ல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. என்ஜினுக்குள் திருப்பி அனுப்பும் புகையைக் குளிரவைக்கும் இ.ஜி.ஆர். கூலரின் கசிவுதான் காரணம் என்று சொல்லிப் பிறகு பல நாடுகளில் வண்டிகளைத் திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்தார்கள். எந்த டீசலை வாங்குவதாக இருந்தாலும் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ரீகால் வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கவே கொட்டாவி வரும். தமிழ்நாட்டு வண்டி என்பதால் வரிச் சிக்கல் இல்லை. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. லோன் இருந்த வண்டி என்றால் படிவம் 35-ம் பேங்கின் என்.ஓ.சி.-யும் கைக்கு வராமல் முழுப்பணம் தரவேண்டாம், "லோன் முடிஞ்சிருச்சு" என்பதும் ஆர்.சி.-யில் பேங்க் பெயர் நீங்கியிருப்பதும் வேறு வேறு. அரசின் பரிவாகன் இணையதளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா பாருங்கள். இன்சூரன்ஸில் க்ளெய்ம் கேட்காதவருக்குக் கிடைக்கும் என்.சி.பி. சலுகை விற்றவரோடு போய்விடும், வண்டியோடு வராது, அதனால் இன்சூரன்ஸ் நீங்கள் எதிர்பார்த்ததை விடக் கூடுதலாக வரும். எனக்கு 41,000.

ஃபாஸ்டேக்கை மட்டும் மறந்துவிட்டோம். மூன்று வாரம் பழைய ஓனர் கணக்கிலேயே டோல் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் போன் வந்தது: "ஏனுங்க, நான் ஆபீஸ்ல உக்காந்திருக்கேன், என்ற வண்டி விஜயமங்கலம் டோல்ல நிக்குதாமா?" அன்றைக்கே கூகுள் பேயில் அனுப்பிவைத்தேன். அதே மாதிரி டேஷ்போர்டில் இருக்கும் ஐடிரைவ் திரையில் அவருடைய போன் தொடர்புகள் முந்நூற்றுச் சொச்சம் அப்படியே இருந்தன, நூல் கமிஷன்காரர்கள், டையிங் ஆட்கள், "அம்மா ஜியோ" எல்லாம். காரை விற்கிறவர்கள் தயவுசெய்து இதை அழித்துவிட்டு விற்கவும்.

ஓட்டுவதற்கு எப்படி என்று கேட்பவர்களுக்கு: பகல் வேளையில் ஊருக்குள் ஓட்டினால் என்ன பெரிய கார் என்றுதான் தோன்றும். சீட் கீழே இருக்கிறது, என் அம்மா முதல் நாள் ஏறும்போதே "என்னடா, குழிக்குள்ள எறங்குற மாதிரி இருக்குது" என்றார், இறங்கும்போது இரண்டு பேர் கை கொடுக்கவேண்டும். பின் சீட்டின் நடுவே ஒரு மேடு, பின் சக்கரத்துக்குத் தண்டு போவதற்காக. அங்கே யாரை உட்கார வைத்தாலும் காலை அகட்டிக்கொண்டு குதிரையில் போவதுபோலப் போகவேண்டும். நாலு பேர் கார் இது, விளம்பரத்தில் ஐந்து என்று போட்டிருந்தாலும். பங்க்சர் ஆனாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயரோடு இருந்தவரை ஒவ்வொரு பள்ளமும் முதுகுத்தண்டுக்குச் சேதி சொன்னது. காந்திபுரம் டிராஃபிக்கில் லிட்டருக்கு பதினொன்று தருகிறது. கம்பெனி கணக்கில் 22-க்கு மேல், அது எந்த ஊர் ரோடு என்று தெரியவில்லை.

ஆனால் வெள்ளகோவில் தாண்டி கரூர் ரோட்டில் விடிகாலை ஐந்தரைக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எண்பதில் போகும்போது காலை லேசாக அழுத்தினால் சத்தம் கூடுவதற்கு முன்பே வண்டி கூடிவிடுகிறது, எட்டு கியரில் எது எப்போது மாறியது என்று எனக்கு இன்றுவரை கண்டுபிடிக்கத் தெரியவில்லை, சின்ன வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் திருப்பிய அளவுக்குச் சரியாகத் திரும்பி நிற்கிறது, அதற்கு மேல் ஒரு விரல்கூட வேண்டாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி. பழைய ஸ்விஃப்டில் அது ஏற்றம், இதில் அது விளையாட்டு. ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் வீட்டுக்காரி "மெதுவா" என்றாள், மீட்டரைப் பார்த்தேன், நாற்பதுகூட இல்லை. வேகமாகப் போகாமலே வேகமாகப் போவது போன்ற ஒரு சுகம், அதற்குத்தான் இந்தக் காசு. நெடுஞ்சாலையில் பதினெட்டு, பத்தொன்பது கிடைக்கிறது, 57 லிட்டர் டேங்க், கோயமுத்தூரில் நிரப்பினால் சென்னை போய்ப் பாதி தூரத்துக்கு மேல் திரும்பலாம். அவிநாசி ரோட்டு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்த பிறகு உப்பிலிபாளையத்தில் ஏறி கோல்டுவின்ஸில் இறங்குவதற்கென்றே இரண்டு முறை காரணம் கண்டுபிடித்துப் போய்வந்தேன். ஜி.டி. நாயுடு பெயரை வைத்த பாலத்தில் பழைய காரில் போவது பொருத்தமாகத்தான் இருந்தது.

இனி அந்த இரண்டே கால் லட்சம். லோயர் ஆர்ம் இரண்டு பக்கமும் 38,000. கியர் ஆயில் 52,000. ஆயில் மட்டும் மாற்றினால் போதுமே என்றேன், இதில் கியர்பாக்ஸின் அடித்தட்டும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் உருப்படியாம், மொத்தமாக மாற்றவேண்டும். டயர் நாலும் 46,000, ரன்ஃபிளாட் வேண்டாம் என்று சாதா டயர் போட்டேன், முதுகுக்கு விடுதலை. ஆனால் என் வண்டியில் ஸ்டெப்னி கிடையாது, அதனால் 4,000-க்குப் பங்க்சர் கிட்டும் காற்றடிக்கும் மெஷினும் டிக்கியில் கிடக்கின்றன. பேட்டரி 24,500. பக்கத்துக் கடையில் வாங்கி மாட்டிவிட முடியாது, புது பேட்டரி வந்திருக்கிறது என்று லேப்டாப் வைத்துக் காருக்கு அறிமுகம் செய்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் பழைய கிழட்டுப் பேட்டரி என்று நினைத்துக்கொண்டே சார்ஜ் ஏற்றும். என்ஜின் ஆயில் சர்வீஸ் 19,000. மேலே சொன்ன இன்சூரன்ஸ்.

லோயர் ஆர்ம் பில்லைப் பார்த்து, பாதி விலைக்கு வாங்கிய காருக்கு இப்படியா என்று முனகினேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காருக்குத்தானுங்க வயசாச்சு. பார்ட்ஸ் விலைக்கு வயசாகறதில்லைங்க." பதினாறு லட்சம் கொடுத்து வாங்கினாலும் அது 2016-லேயே ஷோரூம் விலை 36 லட்சத்தை ஒட்டித் தொடங்கிய வண்டி, அதன் பார்ட்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். வாங்கும் பட்ஜெட்டில் இரண்டிலிருந்து மூன்று லட்சத்தை முதல் வருஷத்துக்கென்று எடுத்து வைத்துவிட்டு, மீதியில்தான் கார் பார்க்கவேண்டும். கையில் இருக்கும் பதினாறையும் ஓனரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான் ஆறாவது மாசம் "லக்சுரி கார் மோசம்" என்று விற்றுவிடுகிறார்கள், அந்த வண்டிதான் கவனிப்பு இல்லாமல் மூன்றாவது ஓனரிடம் போகிறது.

செலவைக் கொஞ்சம் குறைக்க ஒரு வழி உண்டு. பி.எம்.டபிள்யூ. டப்பாவில் வரும் பல பார்ட்ஸ் லெம்ஃபோர்டர், மாலே, மான் போன்ற கம்பெனிகள் செய்து கொடுப்பது. அதே கம்பெனியின் சொந்த டப்பாவில் வாங்கினால் முத்திரைக்கான காசு மிச்சம். டெல்லியிலிருந்து வரும் டூப்ளிகேட் வேறு, அதைத் தொடாதீர்கள். உங்கள் ஊரில் லேப்டாப்பும் கையும் சுத்தமாக உள்ள ஒரு மெக்கானிக் இல்லை என்றால் இந்தக் காரே வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒரே கார் இதுதான் என்றாலும் யோசியுங்கள், பார்ட்ஸ் வரும்வரை நாலு நாள் ஷெட்டில் நிற்கும் சமயம் வரும். எங்கள் ஸ்விஃப்டை நான் விற்கவில்லை.

வண்டியைக் கொடுத்த அன்று டிரைவர் அண்ணன் அந்த வருஷத்து டைரியையும் சாவி இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். "எழுதிப்போடுங்க தம்பி, விட்டுப்போடாதீங்க" என்றார். டைரி தீர்ந்து இப்போது இரண்டாவது. போன வாரக் குறிப்பு: "98,410. முன் பிரேக் பேட் தேய்ஞ்சிருக்கு. விலை கேட்டாச்சு." விலையை எழுதவில்லை. வீட்டில் டைரியைப் படிக்கிறார்கள்.